தேன் இல்லாத பூவுக்கு ஓடி வரும் கருவண்டு!

செங்கல்பட்டு: மாமல்லபுரம் பக்கம் மனை வாங்கும் பலர் முதலில் செய்கிற வேலை, ஜே.சி.பி.யை விட்டுப் புதரை வழிப்பதுதான். "புதர் இருந்தா பாம்பு வரும் சார்" என்பார் புரோக்கர். புதரோடு ஆவாரையும் போகும். அப்புறம் காசு கொடுத்துக் காகிதப் பூச்செடி வாங்கி வைப்பார்கள். அது தென் அமெரிக்கச் செடி!

ஆவாரை நம்ம ஊர்ச் செடி. மணல், சரளை, உப்புக் காற்று எதற்கும் அசராது. ஆளுயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்துத் தள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூவில் சொட்டுத் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான். அதுவும் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். பையின் நுனியில் சின்ன ஓட்டை. ஓட்டலில் இருக்கிற உப்பு டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும்!

குலுக்க வருவது கருவண்டு. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் அதன் தசையை மட்டும் அதிர வைக்கிறது. "ஙொய்ங்" என்று ஒரு சத்தம். மகரந்தம் பொலபொலவென்று வண்டின் வயிற்றில் உதிரும். கூட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போக, ஒட்டிய மிச்சம் அடுத்த பூவுக்கு. தேன்கூடு கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கத்தரிப் பூவும் இதே உப்பு டப்பா ஜாதிதான். முருங்கைப் பூவுக்கும் கருவண்டு வரும். வேலியில் ஆவாரை இருந்தால் கொல்லைக்கு லாபம்.

மின்சார ரயிலில் தினம் குரோம்பேட்டையைத் தாண்டுகிறவர்களுக்கு ஒரு சேதி. முன்பு சென்னை வட்டாரத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைக்கு ஏக கிராக்கி. பிறகு குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. அந்தத் தொழிற்சாலையால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை! அன்று பட்டைக்காக உரித்தார்கள். இன்று மனைக்காக வேரோடு பிடுங்குகிறார்கள்.

வளர்ப்பது சுலபம். விதையின் தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெயில்படும் இடத்தில் ஊன்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் போச்சு. இந்தப் பக்கத்துச் செடி கொடிகளை இருளர்களைவிட அறிந்தவர் யார்? செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986-ல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்துக்கு மூலிகைக் கன்று வளர்ப்பும் ஒரு வேலை.

இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது வெளிர்நிறப் பட்டாம்பூச்சியின் பிள்ளை. தின்ற கிளை மறுபடி தளிர்க்கும்.

பாம்பு பயமா? அடிக்கிளைகளை ஒரு முழம் கழித்துவிட்டால் தரை பளிச்சென்று தெரியும். விட்டத்தைக் கருவண்டு துளைக்குமே என்பவர்கள், வேலியோரம் நிழலில் காய்ந்த மரக்கட்டையோ மூங்கிலோ கட்டித் தொங்கவிடலாம். அது குடியிருக்க அவ்வளவு இடம் போதும்.