கண்ணுக்குச் சரி, தேடினால் இல்லை!

செய்தித் தளங்களின் தலைப்புகளில் எழுத்துப் பிழை என்றதும் நினைவுக்கு வருபவை 'இறங்கல்', 'கண்டணம்', 'விலை குரைப்பு' வகையறாதான். ஆங்கில விசைகளில் தட்டித் தமிழாக்கும் முறையில் மென்பொருள் முதலில் நீட்டும் சொல்லை அவசரத்தில் ஏற்றுக்கொண்டால் இப்படித்தான் வந்து நிற்கும். தளத்தில் அரை மணி நேரத்தில் திருத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்பு பழைய தலைப்போடுதான் ஊர் சுற்றுகிறது. கைப்பேசிக்குப் போன அறிவிப்பையும் திரும்ப வாங்க முடியாது.

இவையாவது கண்ணில் படும் பிழைகள். யாராவது ஒருவர் சுட்டிக்காட்டிவிடுவார். என் கவலையெல்லாம் கண்ணில் படாத பிழையைப் பற்றியது.

'அதிகாாி' என்று ஒரு தலைப்பில் இருக்கிறது. சட்டென்று படித்தால் தவறு தெரியாது. அதில் 'ரி' இல்லை; துணைக்காலுக்கு மேல் ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். 'முதல்வா்', 'அவா்', 'ஆசிரியா்' எல்லாம் இதே கதை. 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் உட்கார்ந்திருக்கின்றன. பழைய அச்சில் 'ர்', 'ரி' இரண்டுக்கும் கீழ்க்கோடு இல்லாத வடிவம் புழங்கியதால் அன்றைய வாசகருக்கு அது பிழையே இல்லை. அந்தக் கைப்பழக்கம் அப்படியே கணினிக்கும் வந்துவிட்டது.

கணினிக்கோ உருவம் தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடில் 'ர' எழுத்தின் எண் 2992. துணைக்காலின் எண் 3006. நாம் 'அதிகாரி' என்று சரியாகத் தட்டித் தேடினால், அது 2992-ஐத் தேடிப் போகிறது. தலைப்பில் இருப்பதோ 3006. பெரிய தேடுபொறிகள் ஊகித்து ஓரளவு சமாளிக்கக்கூடும். உலாவியில் பக்கத்துக்குள்ளேயே தேடிப் பாருங்கள், சொல் கண்ணெதிரே இருக்கும்போதே 'இல்லை' என்று பதில் வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எந்தத் தேடல் பெட்டியிலும் இதே கதிதான்.

'கௌரவம்' இன்னொரு வகை. 'கௌ' என்பது ககரத்தோடு ஒரே ஒரு குறி சேர்ந்த எழுத்து. பலர் 'கெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கௌரவ விரிவுரையாளர்' பற்றிய செய்தியைத் தேடும் ஒருவருக்கு அதில் எத்தனை செய்திகள் நழுவிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பார்வையற்ற வாசகர்களை இந்த விஷயத்தில் யாரும் நினைப்பதே இல்லை. திரைவாசிப்பான் மென்பொருளும் எண்ணைப் பார்த்துத்தான் படிக்கிறது. நமக்கு 'முதல்வர்' என்று தெரியும் சொல் அவர்கள் காதில் சிதைந்து விழுகிறது. தலைப்பே புரியாதவர் உள்ளே போய் என்ன படிப்பார்?

ஊர்ப்பெயர்களின் நிலைமையும் மோசம். விருத்தாசலம் ஒரு செய்தியில் 'விருதாச்சலம்', கும்மிடிப்பூண்டி இன்னொன்றில் 'கும்மிடிபூண்டி'. வெளிநாட்டுப் பெயர்கள் என்றால் உக்ரைன், யுக்ரேன் என்று ஆளுக்கொரு பக்கம். 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வந்த அரசாணைக்கு எவ்வளவு கொந்தளித்தோம்! சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஊர்களின் பெயர் தமிழிலேயே தாறுமாறாக எழுதப்படுவதற்கு ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

புரிந்தால் போதாதா, வேகம்தானே முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் 'சுவற்றில்' என்றுதான் தேடுகிறார்கள், நாமும் அப்படியே போட்டால்தான் செய்தி மேலே வரும் என்று வாதிடுவோரும் உண்டு. இன்றைய வாசகர் எண்ணிக்கைக்கு அது உதவலாம். ஆனால் செய்தி இன்றோடு முடிவதில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து ஒரு கிராமத்தின் ஏரி ஆக்கிரமிப்பு பற்றியோ, ஓர் ஆலை விபத்து பற்றியோ ஆதாரம் தேடுபவர் இந்தத் தளங்களைத்தான் நம்பி வருவார். அச்சு இதழ் என்றால் நூலகத்தில் தேதிவாரியாகப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். இணையத்தில் தேடலில் சிக்காத செய்தி, எழுதப்படாத செய்திக்குச் சமம். பூட்டிய அறையின் சாவியைத் தொலைத்துவிட்டு, உள்ளே ஆவணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதில் பெரும்பகுதியை ஒரே நாளில் சரிசெய்ய முடியும் என்பதுதான் வேதனை. சரியான தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ கொக்கியோ வரவே வராது. ஆகவே 'ா்' வந்த இடமெல்லாம் 'ர்', 'ாி' வந்த இடமெல்லாம் 'ரி' என்று மாற்றும்படி கணினிக்கு ஒரு கட்டளை போட்டால் போதும். 'கெள' மட்டும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடியதில்லை. கெளுத்தி மீன் கெட்டுப்போகும். அதற்குச் சொற்பட்டியலும், தமிழ் தெரிந்த ஒரு மனிதரும் வேண்டும். மெய்ப்புத் திருத்துபவர் என்ற அந்த மனிதரைத்தான் இணையப் பிரிவுகள் பல முதலில் வேண்டாம் என்றன.

தளம் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான்: மெய்ப்புத் திருத்த ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஏறும் தலைப்பை மட்டும் திருத்தி நிறுத்திவிடாமல், பத்து ஆண்டுப் பழைய செய்திகளையும் சேர்த்துத் திருத்துங்கள்.