குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பின்

கோவலன்மீது எந்தக் குற்றச்சாட்டும் வாசிக்கப்படவில்லை. பொற்கொல்லனின் சொல் அரசன் செவியை எட்டிற்று, வாள் உயர்ந்தது. நவீன சட்டம் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்குப் பதிலளிக்க ஒரு கணத்தை வழங்குகிறது. ஆனால் அக்கணத்தில் எவனால் பேச முடிகிறது என்ற வினாவை வர்க்க நிலையிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்து நோக்குதல் இயலாது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் குடியேற்ற ஆட்சியினரால் ஆக்கப்பட்டது. வழக்கு நடைபெறும் முறையை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வகுக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும், குற்றவாளியா சுற்றவாளியா என்று வினவப்படும். குற்றஞ் சாட்டப்பட்டவரை எமது நீதிமன்றத் தமிழ் ‘எதிரி’ என்றே வழங்கி வந்துள்ளது. எதிர்த்தரப்பினர் என்பதே அதன் பொருள்; எனினும் கூண்டில் நிற்பவன் செவிக்கு அது பகைவன் என்றே ஒலிக்கும்.

முதலிற் செய்ய வேண்டியது குற்றச்சாட்டை விளங்கிக்கொள்வதாகும். எந்தப் பிரிவின் கீழ், எந்த நாளில், எவ்விடத்தில், எவருக்கெதிராக என்பன அதிற் காணப்படல் வேண்டும். அது அவருக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்படல் வேண்டும். நீதிமன்ற மொழியை அறியாத வழக்காளி, அரசின் செலவில் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரித்தினை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை வழங்குகிறது. விளங்காதபோது விளங்கவில்லை என்று வாய்திறந்து கூறவேண்டும். அதிகாரத்தின் முன் தலையசைத்துப் பழகிய மக்களுக்கு இஃது எளிதன்று என்பதை நாம் அறிவோம்.

அடுத்தது பதில். நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒருநாள் ஊதிய இழப்பாகும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் அன்றே வீடு திரும்பலாம் என்ற ஆலோசனை நீதிமன்ற வாசலிலேயே கிடைக்கும். செய்யாததை ஒப்புக்கொள்வதை அறியாமை என்று மட்டும் கூறுவது மேலோட்டமான கணிப்பாகும். வறுமையின் கணக்கும் அதற்குள் இருக்கிறது. ஆயினும் அக்கணக்கு பிழைத்துவிடும். நிபந்தனையற்ற ஒப்புதலின்மேல் நீதவான் உடனே குற்றத்தீர்ப்பளிக்கலாம். மேன்முறையீட்டு வழியும் பெரிதும் குறுகிவிடும். பின்னர் தொழில் தேடும்போது அத்தீர்ப்பு முன்வந்து நிற்கும். அவசரத்தில் ஒப்புக்கொண்டவர், தண்டனை விதிக்கப்படுமுன் நீதவானின் அனுமதியுடன் அதை மீளப்பெற முடியும் என்பது பலர் அறியாத விடயம். எனவே சட்டத்தரணியுடன் பேசும்வரை பதிலளிக்கத் தவணை கேட்பதே தக்கது.

சட்டத்தரணி மூலம் எதிர்வாதம் செய்வது உரிமை, அது சலுகையன்று. பணமில்லாதோர் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிணையைப் பொறுத்தவரை, வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்று 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் கூறுகிறது. சில பாரதூரமான குற்றங்களுக்கு வேறு ஏற்பாடுகள் உள. பிணையில் வந்தவர் தவணை தவறலாகாது. தலைமறைவானால் அவர் இல்லாமலே வழக்கை விளங்க முடியும். முறைப்பாட்டாளரையோ சாட்சிகளையோ நேரிற் கண்டு ‘சமாதானம் பேச’ முற்படுவதும் ஆபத்தானது. பிணை இரத்தாவதற்கு அதுவே போதும்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குச் சென்றால் இன்னொரு காலக்கெடு உண்டு. சம்பவ வேளையில் தாம் வேறிடத்தில் இருந்ததாகக் கூறுபவர் அதனைப் பொலிஸ் வாக்குமூலத்திலோ ஆரம்ப விசாரணையிலோ கூறியிருக்க வேண்டும். இல்லையேல் விளக்கம் தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் திருத்தம் இதனைப் புகுத்திற்று. உண்மையே ஆயினும் பிந்திச் சொன்னால் சான்றளிக்க இடமில்லாமற் போகலாம்.

வாக்குமூலம் பற்றித் தனித்துக் கூறவேண்டும். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கெதிராக எண்பிக்க முடியாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்க இடமளித்து, அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென எண்பிக்கும் சுமையை எதிரியின் தோளில் ஏற்றியது. 1993 இல் கைதான தமிழ் இளைஞர் ஒருவரின் வழக்கு இதற்குச் சான்று. பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர் உரைபெயர்க்க, சிங்களத்தில் தட்டச்சிடப்பட்ட ஒப்புதலில் அவரது பெருவிரல் அடையாளம் இடப்பட்டது. 1995 இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, நியாயமான விளக்கத்துக்கான உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. 2006 இல் எமது உயர் நீதிமன்றம் அக்கண்டறிவைச் செயற்படுத்த மறுத்தது.

ஆதலின் இத்தகைய ஒப்புதல் தமக்கெதிராக முன்வைக்கப்படும் எவரும், அது எந்த மொழியில் எழுதப்பட்டது, எவர் உரைபெயர்த்தார், வாசித்துக் காட்டப்பட்டதா, உடலிற் காயங்கள் இருந்தனவா, எந்த வைத்தியர் எப்போது பார்த்தார் என்பவற்றை நினைவு மங்குமுன் சட்டத்தரணியிடம் ஒன்றுவிடாமற் கூறிவிடல் வேண்டும்.