காரின் மேனி - 7: பஞ்சும் பிசினும்

எஃகுத் தகட்டை அச்சில் இட்டு அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் வடிக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த முறைக்கு ஆதாரம், ஆழமாக இழுத்தாலும் கிழியாமல் இணங்கும் உயர்தரத் தகடு. அது கிடைக்காத தேசம் ஒன்று கார் செய்ய விரும்பினால் என் செய்யும் என்ற கேள்விக்கு, இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் கிழக்கு ஜெர்மனி கண்ட விடை விசித்திரமானதே ஆயினும், பலர் பரிகசிப்பதுபோல் அற்பமானதன்று.

ஸாக்ஸனியைச் சேர்ந்த ஸ்விக்காவ் நகரம் கார்த் தொழிலுக்குப் புதியதன்று. 1909-ல் ஆடி கம்பெனி பிறந்த ஊர் அதுவே. யுத்தம் முடிந்து அங்கிருந்த ஆலைகள் அரசுடைமையானபோது, தகடோ அரிது, மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையோ கடுமை. ஆகவே, உள்ளே எலும்புக்கூட்டை மட்டும் எஃகால் அமைத்து, மேற்பலகைகளை வேறொரு பதார்த்தத்தால் செய்வதென்று அங்கிருந்த பொறியாளர்கள் தீர்மானித்தனர். ‘துரோப்லாஸ்ட்’ எனப்படும் அப்பதார்த்தத்தைப் போர்த்திக்கொண்டு 1957-ல் வெளிவந்ததுதான் டிராபண்ட்.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சோவியத் யூனியனிலிருந்து வந்த பருத்திக் கழிவைச் சீவி, மெல்லிய பஞ்சுப் படலமாக்கி, அதன்மேல் பீனால் பிசினைப் பொடியாகத் தூவி, படலத்தின்மேல் படலமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். மெத்தைபோல் உப்பியிருக்கும் அவ்வடுக்கைச் சூடேற்றிய அச்சுகளுக்கிடையே வைத்துப் பேரழுத்தம் கொடுத்தால், பிசின் உருகி இழைக்குள் ஊறி, அந்த வெப்பத்திலேயே இறுகிவிடும். இது 1907-ல் பேக்லண்ட் கண்டறிந்த பேக்லைட்டின் வமிசம். சுட்ட செங்கல் மீண்டும் களிமண் ஆகாததுபோல, ஒரு முறை இறுகிய பின் மறுபடி உருகாது. வெளியே எடுத்த பலகையின் விளிம்பைச் சீராக அறுத்து, வர்ணம் பூசிச் சட்டத்தில் பொருத்தினால் கார் தயார்.

இதன் குணதோஷங்களைப் பட்சபாதமின்றி நிறுக்க வேண்டும். துருப்பிடிக்காது, கனமில்லை, பருத்தியைத் தவிர மற்றவை உள்நாட்டிலேயே கிடைக்கும். ஆனால் மோதினால் நசுங்குவதில்லை, விரிசல் கண்டு உடையும். ஆகையால் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலைக்கு இங்கே இடமேயில்லை. பலகை துருப்பிடிக்காவிட்டாலும் அதன் பின்னே மறைந்திருக்கும் எஃகுச் சட்டம் துருவேறத்தான் செய்தது என்பதைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர். எல்லாவற்றிலும் பெரிய குறை காலதாமதம்: எஃகுப் பலகை சில விநாடிகளில் அச்சைவிட்டு வந்துவிடும், பிசின் இறுகவோ நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை அந்த இயந்திரம் வேறெதற்கும் உதவாது. உற்பத்தியைப் பெருக்க வேண்டுமானால் இயந்திரங்களையே பெருக்க வேண்டும். பெயரைப் பதிந்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஜனங்கள் காத்திருந்ததற்கு வேறு பல காரணங்களும் உண்டு. இந்த மெதுவும் அவற்றுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

அட்டைக் கார் என்று உள்ளூராரே கேலி பேசினர். அதில் ஒரு துண்டு அட்டைகூட இல்லை.

1991 ஏப்ரல் 30-ல் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. உருகாத பதார்த்தமாகையால் பழைய பலகைகளை மறுபடி வார்க்க வழியில்லை; எரித்தாலோ நச்சுப் புகை. கைவிடப்பட்ட வண்டிகளை என்ன செய்வதென்று ஐக்கிய ஜெர்மனி திணறியது மெய். ஆயினும் டிராபண்டின் அபகீர்த்தியைப் பஞ்சின் தலையிலும் பிசினின் தலையிலும் கட்டுவது நியாயமன்று. அறுபதுகளில் ஸ்விக்காவ் பொறியாளர்கள் உருவாக்கிய புதிய மாதிரியைக் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைமை தடுத்து நிறுத்தியது. அதனால் 1964-ல் வந்த டிராபண்ட் 601 மாடலே, புகை கக்கும் இரண்டு வீச்சு எஞ்சினோடு, கால் நூற்றாண்டுக்குமேல் பெரிய மாற்றமின்றி ஓடிக்கொண்டிருந்தது. பழுது பலகையில் இல்லை, நிர்வாகத்தில் இருந்தது.

அடுத்த வாரம் அலுமினியம்.

(தொடரும்)