வளவு நீரும் ஊர் வாய்க்காலும்

வீடு கட்ட விரும்புகின்றவர் முதலில் எண்ணுவது அறைகளின் அளவையும் முகப்பின் அழகையுமே ஆகும். உள்ளூராட்சிச் சபையின் பொறியியலாளரோ வரைபடத்தைக் கையில் எடுத்ததும் வேறொன்றைத் தேடுகின்றார். இந்த வளவில் விழும் மழைநீர் எங்கே போகும் என்பதே அவர் வினா. பலருக்கு இது வீண் தடையாகத் தோன்றுகிறது. அவ்வினா எதனால் எழுகின்றது என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்திலே கடனீரேரியை அடையும் வழுக்கியாறு உண்டு. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையை மண்ணும் குளங்களும் ஏற்று, அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறைக்கு இறங்கவிடுகின்றன. அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் படையாக நின்று கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. ஆகவே இங்கே மழைநீர் விரைவாக வெளியேற்றப்பட வேண்டிய கழிவன்று. வரப்போகும் கோடைக்குரிய சேமிப்பாகும்.

நேயர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பத்துப் பரப்புக் காணியில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழும் நீர் ஏறக்குறைய 150,000 லீற்றர். காணி மணற்பாங்கான வெறுநிலமாயின் அதில் ஐந்தில் ஒரு பங்கே, அதாவது 30,000 லீற்றரே, வெளியே வழிந்தோடும் எனக் கொள்ளலாம். அதே நிலம் கூரையாலும் கொங்கிறீற்றாலும் முற்றாக மூடப்பட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். அது 135,000 லீற்றர். மழை கூடவில்லை, வெள்ளமோ நான்கு மடங்குக்கு மேலாயிற்று. அந்நீர் முன்னிலும் விரைவாகவும் வந்து சேருகின்றது. பழைய அளவில் வெட்டப்பட்ட வாய்க்கால் அதனைத் தாங்குமா?

முன்னாளில் காணிகளைப் பிரித்தவை பெரும்பாலும் ஓலை வேலிகளும் கதியால் வேலிகளுமாம். அவற்றினூடாக வெள்ளம் இயல்பாகக் கடந்து சென்றது. இன்று எழும் மதில்கள் நீரின் வழியை மறிக்கின்றன. ஒருவர் தம் காணிக்கு மண் கொட்டி உயர்த்தினால், அயலவர் முற்றம் குளமாகின்றது. பல ஆண்டு உறவு ஒரு மாரியிலே முறிவதும் உண்டு.

இதனாலேயே பொறியியலாளர் சில ஒழுங்குகளை வேண்டுகின்றார். நிலத்தின் மட்டங்களும் சரிவும் வரைபடத்திலே காட்டப்பட வேண்டும். இயற்கையான நீர்வழி அடைக்கப்படலாகாது. கட்டடத்தால் மிகும் நீரை இயன்றவரை வளவுக்குள்ளேயே தாங்கிகளிலும் உறிஞ்சு குழிகளிலும் தேக்கி, எஞ்சியதை வீதி வாய்க்காலுக்கு மெல்ல விடுதல் வேண்டும். வாயிலில் அமைக்கும் மதகு, வாய்க்காலை ஒடுக்காத அளவினதாதல் வேண்டும். வேலை நடக்கும்போது மணலும் கல்லும் வாய்க்காலில் குவியாமற் காப்பதும் கட்டுவோர் கடமையே.

நிலத்தின்கீழ்ச் செல்லும் குழாய்களையும் மின்வடங்களையும், உள்வீதி போடுமுன்னரே திட்டமிடுதல் வேண்டும். அன்றேல் புதிய வீதியை மீண்டும் கிண்ட நேரும். குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்கு எட்டவும், அதனிலும் மேலான மட்டத்திலும் இருத்தல் வேண்டும். நீரின் அமுக்கம் குறையும் வேளைகளில், வெடித்த குழாய் சூழவுள்ள அழுக்கை உள்ளிழுக்கக்கூடும். மலக்கழிவையோ சமையலறைக் கழிவையோ வெள்ளவாய்க்காலில் இணைத்தல் பெருங்கேடு. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளினூடாக அழுக்கு போதிய அளவு வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். கூரையிலிருந்து வரும் தூய நீரையே நிலத்துள் இறக்கலாம். அதன் குழியும் மலக்குழிக்கு அண்மையில் இருத்தலாகாது.

கட்டடத்துக்கு உள்ளூராட்சி அனுமதி பெறும் விதி 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே காணப்படுவது. நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது; மழைநீர் சேகரிப்புக்கு இடமளித்து அச்சட்டம் 2007இல் திருத்தப்பட்டது. எனினும், வரைபடத்தில் கீறிய குழி நிலத்தில் வெட்டப்படாவிடில், அல்லது வெட்டிய குழி ஆண்டுதோறும் துப்புரவாக்கப்படாவிடில், சட்டத்தாற் பயனில்லை.

காணி வாங்க எண்ணுவோர் அதனைக் கோடையில் மட்டும் பார்த்து விலை பேசாது, மாரியிலும் ஒருமுறை சென்று பார்த்தல் நன்று. மேட்டுக் காணியின் நீர் எவ்வழி வருகின்றது, பள்ளத்துக் காணிக்கு எவ்வழி போகின்றது என்று அயலவரைக் கேட்டறிந்து, அவ்வழியை விட்டே அத்திவாரம் வெட்டுதல் வேண்டும்.