வழியில் இறங்குவோம்: கேமரன் மலையில் ஓர் இரவு

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகிறவர்கள் கேட்பது இதுதான்: “நடுவில் ஒரு ராத்திரி கேமரன் மலையில் தங்கிவிட்டுப் போகலாமா?” தாராளமாக. ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம்; பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை கார்கள் நகராது. திங்களும் வேண்டாம், சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்கு வழக்கமாக அன்றுதான் விடுமுறை. செவ்வாய் ஏறி, புதன் இறங்குங்கள்.

இந்தப் பயணத்துக்கு ஏற்ற மலைப்பாதை இரண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறுவது பழைய சாலை. வளைவுக்கு மேல் வளைவு, வயிற்றைப் புரட்டும். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய்க்கு இறங்குவது புதியது, அகலமானது. வடக்கே போகிறவர் பழையதில் ஏறிப் புதியதில் இறங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளந்தது 1885இல். ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். நான்கு ஆண்டு கழித்து, இந்தியாவிலிருந்து வந்த பன்சல் குடும்பத்தின் பாரத் தேயிலை. முதலாளி யாராக இருந்தாலும், அந்தக் காலத்தில் கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. தோட்டத் தமிழ்ப்பள்ளியும் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலும் அப்படி வந்தவைதான். இன்று கதை வேறு. சரிவில் நிற்பவர்களிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தால் விழிப்பார்கள். பலர் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர்கள். பல இடங்களில் கையால் கிள்ளுவதும் போய், இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் படித்து நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதல் நாள் மாலை தானா ராத்தாவில் தங்குங்கள். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் அதுதான் வசதி. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் அவசியம். இருட்டும் நேரத்தில் காட்டுப் பாதையில் நடக்கக் கிளம்பாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கேதான் உலாவப் போனார். இன்றுவரை தடயமே இல்லை.

மறுநாள் காலையைச் சுங்கை பாலாஸுக்கே கொடுத்துவிடுங்கள். குறுகலான தோட்டச் சாலை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஆலையில் இலையை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்துவதைப் பார்க்கலாம். பிறகு சரிவுக்கு மேல் நீண்டு நிற்கும் மாடத்தில் ஒரு கோப்பைத் தேநீர். கூட்டம் சேருமுன் போனால்தான் இருக்கை கிடைக்கும்.

ஸ்ட்ராபெரி தோட்டம், தேனீப் பண்ணை, கள்ளிச்செடிக் கடை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஓர் இரவுக்காரருக்கு அவை வெறும் வாகன நெரிசல். மதியம் பன்னிரண்டு மணிக்குள் கம்போங் ராஜா வழியாகப் புதிய சாலையில் இறங்கத் தொடங்கினால், இருட்டுமுன் பினாங்குப் பாலம் ஏறிவிடலாம்.