நிழலில் ஒரு பொறுமைசாலி

அவரை விதையை ஊன்றினால் ஒரே வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும் அல்லவா? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மரநிழலில் தோட்டம் போடுவோர், வெள்ளை டிரில்லியம் விதையை விதைத்துவிட்டு இரண்டு குளிர்காலம் காத்திருக்கிறார்கள். முதல் குளிருக்குப் பின் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். இரண்டாவது குளிர் கழிந்த பிறகே இலை தலைகாட்டும். பூக்கவோ ஏழு முதல் பத்து ஆண்டுகள்!

ஏன் இத்தனை தாமதம்? வசந்தத்தில் மேப்பிள், பீச் மரங்கள் தழைத்துவிட்டால் தரையில் வெயில் விழாது. அதற்கு முந்திய சில வாரங்களில்தான் இச்செடி தன் உணவில் பெரும்பங்கைத் தயாரிக்கிறது. அதுவும் மூன்றே இலைகளால்! அந்த உணவு தரைகீழ்த் தண்டில் சிறுகச் சிறுகச் சேர வேண்டும். ஆசைப்பட்டு இலைகளோடு பூவைப் பறித்தீர்களானால் அவ்வாண்டுச் சேமிப்பே போயிற்று. செடி மாண்டாலும் வியப்பில்லை.

விதையைப் பரப்புவது யார் தெரியுமா? எறும்பு! விதையில் ஒட்டியுள்ள எண்ணெய்ச் சத்துமிக்க துணுக்குக்காக அதைக் கூட்டுக்கு இழுத்துச் செல்லும். துணுக்கைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும்.

1937இல் கனடாவின் ஆன்டாரியோ மாகாணம் இதைத் தன் மலராக ஏற்றது. ஆயினும், காத்திருக்க மனமில்லாதவர்களுக்காகக் காட்டில் தோண்டிய செடிகள் விற்கப்பட்டதுண்டு. ஒன்றைத் தோண்டினால் காட்டில் அந்த இடம் மீண்டும் பூக்கப் பத்தாண்டு ஆகலாமே!

பழுத்த விதையை உலரவிடாமல், சருகு மக்கிய மண்ணில் உடனே விதைப்பதே சரியான வழி. பக்கத்தில் பெயர்ச்சீட்டு ஒன்றும் குத்தி வையுங்கள். வெறும் மண்தானே என்று முதலாண்டிலேயே கொத்திவிடுபவர்கள் ஏராளம்.