ஸ்காலர்ஷிப் விளம்பரத்துக்கு ஏ/பி டெஸ்ட்: ஜெயிச்சது எது?

அரசு உதவித்தொகை இருக்கு. மாணவருக்குத் தகுதியும் இருக்கு. ஆனால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஏன்? "விளம்பரம் சரியில்லை பாஸ், போஸ்டரை நல்லா அடிச்சா எல்லாரும் வருவாங்க" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். இது உண்மையா என்று அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆப்-இல் எந்தப் பட்டனை அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்று பார்க்க ஏ/பி டெஸ்ட் செய்வோமே, அதே முறைதான்.

முதலில் அங்குள்ள நிலைமையைப் பார்ப்போம். கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் உதவி வேண்டுமென்றால் 'ஃபாஃப்சா' என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பல வருடங்களாக அதில் 100-க்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. வருமானம், வரி, சேமிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவையும் நிரப்பிய பிறகுதான் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது தெரியவரும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோ "நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது" என்று அதற்கு முன்பே முடிவு பண்ணிவிடுவார்கள்.

2008-ல் ஒரு சோதனை நடந்தது. இடம், ஒஹாயோ மற்றும் வட கரோலினாவில் இருந்த எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. அங்கே வந்த குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும், பக்கத்துக் கல்லூரிகளில் கட்டணம் எவ்வளவு என்று தகவல் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அந்தத் தகவலோடு, கையிலிருந்த வரிக் கணக்கை வைத்து ஃபாஃப்சாவை அங்கேயே நிரப்பவும் உதவினார்கள். மூன்றாவது குழுவுக்கு இந்த இரண்டுமே இல்லை.

தகவல் மட்டும் பெற்ற குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஃபார்ம் நிரப்ப உதவி பெற்ற குடும்பங்களின் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளில், அடுத்த மூன்று வருடங்களில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள்.

"சரி, தகவலை இன்னும் கவர்ச்சியா சொல்லிப் பார்த்தா?" என்று கேட்கலாம். அதையும் பார்த்தாச்சு. பின்னால் நடந்த ஒரு பெரிய ஆய்வில் 8 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு, ஃபாஃப்சாவை நிரப்பச் சொல்லிச் செய்திகள் போயின. வார்த்தையை மாற்றினார்கள், அனுப்பும் வழியை மாற்றினார்கள், நேரத்தை மாற்றினார்கள். சிலருக்கு ஆலோசகரிடம் பேசும் வசதியும் கொடுத்துப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை, கல்லூரியில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை.

கலிபோர்னியா மாநிலத்தின் உதவித்தொகைக் கடிதங்களில் நடந்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. எளிமையாகவும், "கல்லூரி உனக்கும் உரிய இடம்தான்" என்ற தொனியிலும் எழுதிய கடிதங்களைப் பார்த்து, உதவித்தொகை இணையதளத்தில் கணக்கு தொடங்கியவர்கள் அதிகரித்தார்கள். ஆனால் கல்லூரியில் சேர்ந்தவர்கள் அதிகரிக்கவில்லை. கிளிக்கை மட்டும் எண்ணியிருந்தால் "சூப்பர் ஹிட்" என்று ரிப்போர்ட் எழுதியிருப்பார்கள். எதை அளக்கிறோம் என்பதில்தான் டெஸ்டின் நேர்மை இருக்கிறது.

அப்படியானால் கடிதத்தால் பிரயோஜனமே இல்லையா? இருக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-ல் 'ஹெய்ல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த மாணவர்களுக்குப் பெயர் போட்டுக் கடிதம் போனது. விஷயம் இதுதான்: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு வருடமும் டியூஷன் கட்டணம் கிடையாது, இந்தச் சலுகைக்காகத் தனியாக எந்த ஃபார்மும் நிரப்ப வேண்டாம். பெற்றோருக்கும் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும்கூடத் தகவல் போனது.

யாருக்குக் கடிதம் என்பதைப் பள்ளி வாரியாகக் குலுக்கினார்கள். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு வந்து இன்னொருவனுக்கு வராவிட்டால் இருவரும் பேசிக்கொள்வார்கள், ஒப்பீடு கெட்டுப்போகும் இல்லையா? கடிதம் போன பள்ளிகளில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், போகாத பள்ளிகளில் 26 சதவீதம். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் 27 சதவீதம், மற்ற பக்கம் 12.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்களில் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே இருந்த உதவிகளே கட்டணத்தை அடைத்திருக்கும். பணம் கிட்டத்தட்ட அதே பணம்தான். "கிடைக்கலாம், விண்ணப்பித்துப் பார்" என்பது "கிடைக்கும், உறுதி" என்று மாறியது. அவ்வளவுதான் மேட்டர்.

ஆக, ஜெயித்தது அழகான வாசகம் அல்ல. மாணவரின் ஒரு சந்தேகத்தையோ ஒரு வேலையையோ குறைத்த செய்திதான் ஜெயித்தது.

அடுத்த கவுன்சிலிங் சீசனில் ஜூனியர்களுக்காக நீங்களும் ஒரு மெசேஜ் தட்டுவீர்கள். "முதல் பட்டதாரி சலுகைக்கு விண்ணப்பிக்கவும்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். "உங்க வீட்டில் யாரும் டிகிரி முடிக்கலையா? இந்தச் சான்றிதழ் வேணும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கணும், இந்தக் காகிதங்களை எடுத்துட்டுப் போங்க, சந்தேகம்னா சனிக்கிழமை வாங்க, கூட உட்கார்ந்து நிரப்பலாம்" என்று எழுதுங்கள். பிறகு எத்தனை லைக் வந்தது என்று எண்ணாமல், எத்தனை பேர் கையில் சான்றிதழ் வந்தது என்று எண்ணுங்கள்.